குற்றவாளிக்கு அடைக்கலம் தரலாமா?

ஞானோபதேச வகுப்பிலே, பிறர் பாவத்தில் நாம் பங்காளிகளாகும் வகை எத்தனை என்று கேட்டால், பிள்ளைகள் ஒன்பது வகையையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார்கள். கட்டளையிடுதல், யோசனை சொல்லுதல், சம்மதித்தல், தூண்டிவிடுதல், புகழ்ந்து பேசுதல், உடனிருந்து பங்கு கொள்ளுதல், மறைத்து வைத்தல், பேச வேண்டிய இடத்தில் பேசாதிருத்தல், செய்த தீமைக்குப் பரிந்து பேசுதல் என்பன அவை. முதல் ஆறும் எவருக்கும் எளிதில் விளங்கும். கடைசி மூன்றில்தான் பெரியவர்களுக்கே தடுமாற்றம். "கொலை நடந்து முடிந்துவிட்டது. நான் அந்த இடத்திலேயே இல்லை. பிறகு வந்து கதவைத் தட்டியவனுக்கு ஒரு வாய்ச் சோறும் படுக்க ஒரு பாயும் கொடுத்தேன். முடிந்துபோன பாவத்தில் நான் எப்படிப் பங்காளி?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. இந்த வாரம் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இதில் நம் ஜனங்களுக்குத் தனிப்பட்ட ஒரு சங்கடமும் உண்டு. அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடுவது நம்மிடையே பெரும் பழி. "காட்டிக் கொடுத்தல்" என்ற சொல்லைக் கேட்டாலே யூதாசின் முகம்தான் மனதிலே எழும்பும். ஆனால் யூதாஸ் காட்டிக் கொடுத்தது யாரை? குற்றமற்றவரை. அதுவும் முப்பது வெள்ளிக்காசுக்கு. கையில் இரத்தக் கறையோடு வந்து நிற்பவனைப் பற்றிய உண்மையை நியாயஸ்தலத்துக்குச் சொல்வதையும் அதே பேரால் அழைப்பது, சொல் ஒன்றாயிருப்பதால் செயலும் ஒன்று என்று எண்ணிக்கொள்வதேயாகும்.

வேத புஸ்தகத்திலே இதற்கென்றே எழுதி வைத்தாற்போன்ற சரித்திரம் ஒன்று நியாயாதிபதிகள் ஆகமத்தின் 19, 20-ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. கோவிலில் அது அடிக்கடி வாசிக்கப்படுவதில்லை. வாசிக்கக் கூசும் சரித்திரம் அது. லேவியன் ஒருவன் தன் மறுமனையாட்டியோடு பயணம் போகையில், பெஞ்சமின் கோத்திரத்தாரின் கிபெயா என்ற ஊரிலே இராத்தங்குகிறான். அவ்வூர்த் துஷ்டர்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்ளுகிறார்கள். அந்தப் பெண்ணை இரவு முழுவதும் கெடுத்து, விடியற்காலத்தில் விட்டுவிடுகிறார்கள். அவள் வீட்டு வாசற்படியிலே விழுந்து மாண்டு போகிறாள்.

செய்தி கேட்டு இஸ்ராயேல் கோத்திரங்கள் எல்லாம் ஒன்று கூடின. கூடியவர்கள் உடனே வாளை எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பெஞ்சமின் கோத்திரம் எங்கும் ஆள் அனுப்பி, அந்தத் துஷ்டர்களை மாத்திரம் எங்களிடம் ஒப்புவித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். பெஞ்சமின் கோத்திரத்தார் சம்மதிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் கொலைகாரர்களா? இல்லை. அந்த இரவிலே கிபெயாவில் இருந்தவர்கள்கூட இல்லை. வேறு ஊர்களிலே தங்கள் வயலையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆனாலும், "நம்மவனை அயலான் கையில் கொடுப்பதா?" என்ற ஒரே எண்ணம் அவர்களை மறித்தது. ஒரு கைப்பிடி துஷ்டர்களுக்காக 26,000 பேர் வாளேந்தி நின்றார்கள். கிபெயா ஊரார் 700 பேர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

விளைவு என்ன? முதல் நாள் யுத்தத்தில் இஸ்ராயேலர் 22,000 பேரும், இரண்டாம் நாள் 18,000 பேரும் மடிந்தார்கள். மூன்றாம் முறை பெஞ்சமின் தோற்றது. அதன் போர்வீரர்களில் 25,000-க்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். அதன் ஊர்களெல்லாம் நெருப்புக்கு இரையாயின. மிஞ்சிய 600 பேர் ரிம்மோன் கன்மலையிலே நாலு மாதம் ஒண்டிக் கிடந்தார்கள். அந்தத் துஷ்டர்கள் எத்தனை பேர் என்று வேதாகமம் தொகை சொல்லவில்லை. அவர்களை ஒப்புவிக்க மறுத்ததனால் மாண்டவர்களின் தொகையை மாத்திரம் எண்ணி எண்ணிச் சொல்லுகிறது.

"அப்படியானால் அதே வேதாகமத்தில் அடைக்கலப் பட்டணங்கள் உண்டே?" என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. யோர்தானுக்கு இப்புறம் மூன்றும் அப்புறம் மூன்றுமாக ஆறு பட்டணங்கள். ஆனால் யோசுவா ஆகமத்தின் 20-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாய் வாசித்துப் பாருங்கள். பகை ஏதுமின்றி, கை தவறி, அறியாமல் ஓர் உயிரைப் போக்கிவிட்டவனுக்கே அந்தப் பட்டணம். அவன் பட்டணத்து வாசலிலே நின்று, மூப்பர்கள் காது கேட்கத் தன் வழக்கைச் சொல்ல வேண்டும். பிறகு சபைக்கு முன்பாக விசாரணைக்கு நிற்க வேண்டும். பழிவாங்க வருகிறவன் விசாரணைக்கு முந்தியே அவனைக் கொன்றுவிடாதபடி காப்பாற்றுவதே அந்த அடைக்கலத்தின் நோக்கம். நியாயஸ்தலத்துக்குத் தப்ப வைப்பதற்காக அல்ல, நியாயஸ்தலத்துக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே அது ஏற்பட்டது. வேண்டுமென்றே பதுங்கியிருந்து கொலை செய்தவன் அங்கே ஓடினால், அவனுடைய சொந்த ஊர் மூப்பர்களே ஆள் அனுப்பி அவனைப் பிடித்துவர வேண்டும் என்று உபாகமம் 19-ஆம் அதிகாரம் விதிக்கிறது. அன்னியர் அல்ல, சொந்த ஊர் மூப்பர்! அப்னேரையும் அமாசாவையும் வஞ்சகமாய்க் கொன்ற யோவாப், ஆண்டவருடைய பீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டான். பீடமும் அவனைக் காக்கவில்லை.

திருச்சபையும் இதே வழியில்தான் நடந்தது. பூர்வ காலத்திலே கோவிலுக்குள் ஓடிவந்தவனைச் சேவகர்கள் இழுத்துச் செல்லக்கூடாது என்ற உரிமை இருந்தது. அநேக ஏழைகளை அது அக்கிரமத்தினின்று காத்தது. ஆனால் 1591-ஆம் வருஷமே 14-ஆம் கிரகோரியார் பாப்பரசர், வழிப்பறிக்காரருக்கும் வஞ்சகமாய்க் கொலை செய்தவருக்கும் அந்த அடைக்கலம் செல்லாது என்று விதித்தார். 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்த உரிமையைப் பற்றி ஒரு விதி மிஞ்சியிருந்தது. 1983-ல் வெளிவந்த சட்டத் தொகுப்பிலே அதுவும் இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுகிறவர்களுக்காக, நம்முடைய காலத்துச் சரித்திரம் ஒன்றைச் சொல்லுகிறோம். கத்தோலிக்கரே நிறைந்த நாட்டில், வீட்டுக்கு வீடு மாதாவின் சுரூபம் இருக்கும் ஊர்களில் நடந்தது அது.

இத்தாலி தேசத்தின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவில், மாஃபியா என்ற இரகசியக் கொலைக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. அக்கூட்டத்தின் தலைவர்களில் ஒருவனான பெர்னார்தோ ப்ரொவென்சானோ 1963-ஆம் வருஷம் கொலைக் குற்றத்துக்காகத் தேடப்பட்டு மறைந்தான். அவன் பிடிபட்டது 2006 ஏப்ரல் 11-ஆம் தேதி. நடுவிலே 43 வருஷம்! அத்தனை காலம் அவன் எந்த அன்னிய தேசத்தில் இருந்தான் என்று நினைக்கிறீர்கள்? பிடிபட்ட இடம் அவன் பிறந்த கொர்லெயோனே ஊருக்குச் சமீபத்தில் ஆட்டுப்பட்டி ஒன்றை அடுத்த சிறு வீடு. மனைவி வீட்டிலிருந்து வெளுத்து அனுப்பிய துணிமூட்டை கைமாறிக் கைமாறிப் போவதைப் போலீசார் பின்தொடர்ந்துதான் அவனைக் கண்டார்கள்.

ஒரு மனிதன் 43 வருஷம் ஒளிந்திருப்பதென்றால், 15,000 இரவுகளுக்கு மேல் யாரோ ஒருவர் கூரை கொடுத்திருக்க வேண்டும். யாரோ ரொட்டி சுட்டிருக்க வேண்டும். யாரோ மருந்து வாங்கி வந்திருக்க வேண்டும். அவன் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து மடித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளை யாரோ மடியில் செருகிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் எவரையும் கத்தியால் குத்தியவர்கள் அல்ல. பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும், கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்லப் பழகியவர்கள். அந்த மவுனத்துக்கு அவர்கள் பாஷையில் ஒமெர்தா என்று பெயர். அதை ஆண்மையின் இலட்சணமாகவே பெருமை பேசினார்கள். (ஜனங்களை மாத்திரம் குறை சொல்வது நியாயமல்ல, பெரிய பதவியில் இருந்தவர்கள் சிலரும் அந்தக் கூட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதை இத்தாலிய நியாயஸ்தலங்களே கண்டிருக்கின்றன.)

இப்பொழுது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். முடிந்துபோன பாவத்தில் பங்கு ஏது? அந்தப் பாவம் முடிந்துபோகவில்லை என்பதுதான் பதில். ஒளிந்திருக்கும் கொலைகாரன் கூரையின்கீழ் சும்மா படுத்திருப்பதில்லை. தோத்தோ ரியினா என்ற மற்றொரு தலைவன் இருபது வருஷத்துக்கு மேலாகத் தலைமறைவாயிருந்தான். பலெர்மோ நகரத்திலேயே மனைவியோடு குடியிருந்தான். அவனுக்கு நாலு பிள்ளைகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே ஒளிந்திருந்தபடியே கட்டளை அனுப்பினான். 1992 மே 23-ஆம் தேதி, நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே போன நெடுஞ்சாலை வெடிமருந்தால் பிளந்தது. அவரும் அவர் மனைவியும் காவலர் மூவரும் மாண்டார்கள். ஜூலை 19-ல் அவருடைய தோழரான நீதிபதி பவுலோ பொர்செல்லினோ தம் தாயாரைப் பார்க்க வந்தபோது, தாயார் வீட்டு வாசலிலேயே வெடித்த குண்டினால், காவலர் ஐவரோடு கொல்லப்பட்டார். அந்தக் காவலர்களில் ஒருத்தி இளம் பெண். 1993 ஜனவரி 15-ல்தான் ரியினா பிடிபட்டான். அதற்கு முந்திய வருஷங்களில் அவனுக்கு வீடு கொடுத்தவரும் வண்டி ஓட்டியவரும் அந்த வெடிமருந்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த கூரையின்கீழிருந்துதான் கட்டளை புறப்பட்டது.

இன்னும் ஒன்று. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. அந்தக் கூட்டத்தை விட்டு விலகி நியாயஸ்தலத்தில் சாட்சி சொன்ன ஒருவனுடைய மகனை, 12 வயதுப் பாலகனை, 1993 நவம்பர் 23-ஆம் தேதி போலீசார் வேஷத்தில் வந்து தூக்கிச் சென்றார்கள். தகப்பனின் வாயை அடைப்பதற்காக அவனை 779 நாள் அடைத்து வைத்திருந்து, 1996 ஜனவரியில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைத் திராவகத்தில் கரைத்துவிட்டார்கள். அந்த 779 நாளும் அவனை ஒரே இடத்தில் வைக்கவில்லை. தீவின் பல பாகங்களில், வீடு வீடாய், பண்ணை பண்ணையாய் மாற்றி மாற்றி வைத்தார்கள். மறைவிடம் கொடுக்கப் பழகிய ஊரிலே, கொலைகாரனை மறைத்து வைக்கும் அறைக்கும் குழந்தையை அடைத்து வைக்கும் அறைக்கும் சாவி ஒரே ஆணியில் தொங்கும். ஒரு முறை கதவு திறந்தவனிடம் மறுமுறை அனுமதி கேட்பதில்லை. அவனுக்கு அதிகம் தெரிந்துவிட்டது. இனி அவன் "மாட்டேன்" என்றால் அவனுடைய உயிருக்கே மோசம். விருந்தாளியாய் வந்தவன் எஜமானாகிறான். வீட்டுக்காரன் அவனுக்கு வேலைக்காரனாகிறான்.

பலெர்மோ நகரத்தின் பிரான்காச்சியோ என்ற ஏழைப் பேட்டையில், முத்திப்பேறு பெற்ற பினோ புலீசி சுவாமியார் 1990 முதல் பங்குக் குருவாயிருந்தார். அவர் துப்பாக்கி தூக்கியவரல்ல, மேடையேறி முழங்கியவருமல்ல. தெருவில் திரியும் பையன்களைக் கூட்டிப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். 1993-ல் அவர்களுக்கென்று ஒரு நிலையம் திறந்தார். கொலைக் கூட்டத்தாரின் பணம் கோவில் திருநாளுக்கு வேண்டாம் என்றார். அந்தப் பேட்டையின் மாஃபியாத் தலைவர்களான கிராவியானோ சகோதரர் இருவரும் அப்பொழுது தலைமறைவாயிருந்தவர்கள். மறைவிடத்திலிருந்தே அவர்கள் உத்தரவு கொடுத்தார்கள். 1993 செப்டம்பர் 15-ஆம் தேதி, தம்முடைய 56-ஆவது பிறந்த நாளிலே, வீட்டு வாசலில் சுவாமியார் சுடப்பட்டு இறந்தார். அவரைச் சுட்டவன் பிற்பாடு மனந்திரும்பி, தன்னைக் கண்டதும் அவர் புன்னகை செய்ததை மறக்க முடியவில்லை என்று சொன்னான். திருச்சபை 2013 மே 25-ல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. சகோதரர் இருவரும் 1994 ஜனவரியில் மிலான் நகரத்தில் பிடிபட்டார்கள். அதற்கு நாலு மாதம் முந்திப் பிடிபட்டிருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இரத்தம் இவ்வளவு சிந்திய பிறகே ஜனங்கள் விழித்தார்கள். ஃபல்கோனே கொலையுண்ட பின், பலெர்மோ நகரத்துப் பெண்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளிலே எழுதி, தங்கள் வீட்டு மாடிகளில் எல்லாரும் காணத் தொங்கவிட்டார்கள். நூறு வருஷமாக வாய் திறவாத ஊரிலே அது சின்னக் காரியமல்ல. 1993 மே 9-ஆம் தேதி அக்ரிஜெந்தோவில், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் எழுதிக் கொண்டுவந்த பிரசங்கத்தை விட்டுவிட்டு, கை நீட்டி, மனந்திரும்புங்கள், கடவுளுடைய தீர்ப்பு ஒரு நாள் வரும் என்று கொலைக் கூட்டத்தாரை எச்சரித்தார். ஜூலை மாதக் கடைசியில் உரோமையிலே லாத்தரன் பேராலயத்தின் அருகிலும், வெலாப்ரோவிலுள்ள அர்ச். ஜார்ஜியார் கோவிலின் முன்னும் வெடிகுண்டு வெடித்தது.

அந்தக் கூட்டத்தின் பெருந்தலைவர்களில் கடைசியாய்த் தப்பியிருந்த மத்தேயோ மெசினா தெனாரோ 30 வருஷம் ஒளிந்திருந்து, 2023 ஜனவரி 16-ல் பலெர்மோ நகரத்து வைத்தியசாலை ஒன்றில் பிடிபட்டான். புற்றுநோய்க்கு வேறொருவருடைய பெயரில் வைத்தியம் செய்துகொள்ள வந்திருந்தான். அவன் குடியிருந்த வீடு, பிறந்த ஊரிலிருந்து சில மைல் தூரத்தில்தான். வைத்தியசாலைக்கு வந்திருந்த ஜனங்கள் காவலர்களுக்குக் கைதட்டினார்கள், சிலர் கைகுலுக்கினார்கள். ஆனால் அதன்பின் நடந்ததையும் பாருங்கள். வண்டி ஓட்டிவந்தவன் அன்றே கைதானான். தன் பெயரையும் அடையாளச் சீட்டையும் இரவல் கொடுத்தவனும் வைத்தியர் ஒருவரும் கைதானார்கள். நோயாளியோ அவ்வருஷம் செப்டம்பர் மாதமே இறந்துபோனான். பெயரைக் கடன் கொடுத்தவனுக்கு அது திரும்பிக் கிடைக்கவில்லை.

நம்முடைய தேசத்துச் சட்டம் இதைப் பற்றிச் சொல்வதையும் அறிந்திருப்பது நல்லது. "எனக்குத் தெரியாது" என்பது நியாயஸ்தலத்தில் செல்லாது. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடருகின்றன. குற்றவாளி என்று அறிந்து, அல்லது நம்பக் காரணம் இருந்தும், தண்டனைக்குத் தப்புவிக்கும் நோக்கத்தோடு ஒருவனை மறைத்து வைத்தால், அவன் செய்தது மரண தண்டனைக்குரிய குற்றமானால் வைத்தவருக்கு ஐந்து வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமானால் மூன்று வருஷம் வரை. கொள்ளைக்காரருக்கும் கூட்டுக்கொள்ளைக்காரருக்கும் புகலிடம் கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல். அடைக்கலம் என்பது கூரை மாத்திரமல்ல. சோறு, தண்ணீர், பணம், துணி, ஆயுதம், ஏறிச்செல்ல வண்டி எல்லாம் அதில் அடங்கும். புருஷனுக்குப் பெண்சாதியோ, பெண்சாதிக்குப் புருஷனோ இடம் கொடுத்தால் சட்டம் அவர்களைத் தண்டிப்பதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும் அந்த விலக்கு இல்லை. இது அநேகருக்குத் தெரியாது.

"கழுத்தில் அரிவாளை வைத்துச் சோறு கேட்டால் என்ன செய்வது?" கொடுக்க வேண்டியதுதான். உடனே உயிர் போகும் என்ற பயத்தினால் செய்ததைச் சட்டமும் மன்னிக்கிறது, கடவுளும் அறிவார். அவன் வெளியே போன பின்பு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அரிவாள் போய்விட்டது; பயம் மாத்திரம் இருக்கிறது. அப்பொழுது தனியே நிற்காமல், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து போய்ச் சொல்லலாம். சிசிலியில் படுக்கை விரிப்பு ஒரு வீட்டில் மாத்திரம் தொங்கியிருந்தால் அந்த வீட்டுக்கு ஆபத்து. தெரு முழுதும் தொங்கியபோது யாரை என்ன செய்வது?

"சரி சுவாமி, குற்றமற்றவன் ஓடி வந்தால்?" அது வேறு காரியம். சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது குற்றவாளியல்ல. எசபேலின் வாளுக்குத் தப்ப அப்தியாஸ் நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் குகைகளில் மறைத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்தான், அது புண்ணியம். 1943-ல் ஜெர்மானியர் உரோமையைப் பிடித்தபோது, கன்னியர் மடங்களும் துறவியர் மடங்களும் யூதர்களை மறைத்து வைத்துக் காத்தன; அதுவும் புண்ணியம். வருகிறவன் சாவுக்குத் தப்பி வருகிறானா, சாவை உண்டாக்கிவிட்டு வருகிறானா என்று பார்க்க வேண்டும். பொய்க் கேஸ் என்று உங்களுக்கு மெய்யாகவே தோன்றினால், அவனுக்கு வேண்டியது வக்கீல், வைக்கோற்போர் அல்ல.

எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம் இது: "போலீசாரிடம் ஒப்படைத்தால் அடித்தே கொன்றுவிடுவார்களே!" இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. 2020-ல் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் நிலையத்தில் அடிபட்டு இறந்ததை மறந்தவர் யார்? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக்கட்டைக் கடத்தலுக்கு ஊரார் துணை என்ற சந்தேகத்தின் பேரில் வனத்துறையாரும் போலீசாரும் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட உத்தியோகஸ்தர் 269 பேர். தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரையும் 2011-ல் தருமபுரி நியாயஸ்தலம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டும் அதை உறுதிசெய்தது. கிபெயாவின் சரித்திரத்திலும் இதே நிழல் உண்டு. துஷ்டர்களைத் தண்டிக்க வந்த இஸ்ராயேலர் ஆடுமாடு முதற்கொண்டு வெட்டி ஊர்களைக் கொளுத்தினார்கள். பிறகு ஒரு கோத்திரமே அற்றுப்போயிற்றே என்று தேவசந்நிதியில் உட்கார்ந்து சாயங்காலம் மட்டும் அழுதார்கள். ஒருவன் ஒளிந்தான் என்பதற்காக ஊரையே அடிக்கும் அதிகாரி, அடுத்த முறை ஊரார் வாய் திறவாதபடி தானே பூட்டுப் போடுகிறான். அவனும் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

ஆகையால் பயப்படுகிறவர்கள் செய்யக்கூடியது இதுவே: இரவில் தனியே போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. பகலில், வக்கீல் ஒருவரோடும் சாட்சிக்கு ஊரார் இரண்டு பேரோடும், நேரே மாஜிஸ்திரேட் முன்னிலையில் சரணடையச் செய்யலாம். போலீசாரே பிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. பிடித்த செய்தியைக் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும், வைத்தியரைக் கொண்டு உடலைச் சோதிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே விதித்திருக்கிறது. உடம்பிலே காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த முத்திரையை எந்த அரசாங்கமும் உடைக்க முடியாது. குருவானவரிடம் சொன்னது அவரோடு கல்லறைக்குப் போகும். சிசிலியில் கார்மேல் சபைத் துறவி ஒருவர், தலைமறைவாயிருந்த கொலைக் கூட்டத் தலைவனிடம் போய்ப் பூசை செய்தார் என்று 1997-ல் கைதாகி, முதல் நியாயஸ்தலத்தில் தண்டனை பெற்று, மேல் முறையீட்டில் விடுதலையானார். ஆனால் அந்த முத்திரை குருவானவருடைய நாவுக்கு இட்டது. அடுத்த வீட்டுக்காரன் நாவுக்கு அல்ல. மனஸ்தாபப்பட்டு வருகிறவனைச் சரணடையும்படி குருவானவர் தூண்டுவார், கூடவே போகவும் சம்மதிப்பார். ப்ரொவென்சானோவின் மறைவிடத்தில் வேத புஸ்தகம் இருந்தது, அடிக்கோடிட்டு வாசித்திருந்தான், தன் துண்டுச் சீட்டுகளின் முடிவில் கடவுளுடைய ஆசீரையும் எழுதுவான். ஆயினும் பத்து வருஷம் சிறையிலிருந்து 2016-ல் சாகும் வரை, கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 43 வருஷம் யாரும் அவனை அந்தக் குடும்பங்களின் கண்ணெதிரே நிறுத்தவில்லை.

மிஞ்சியிருப்பது தாயின் கேள்வி. "பெற்ற மகனை நானே எப்படிச் சொல்வேன்?" பெற்றவள் தானாகப் போய்க் குற்றஞ்சாட்ட வேண்டும் என்று அவளை வற்புறுத்துகிறவர் இரக்கமற்றவர். ஆனால் அவனை அவள் மறைத்து வைக்கக்கூடாது. மறுபடியும் ஓர் உயிருக்குக் கையை ஓங்குவான் என்று தெரிந்தால் வாய் மூடியும் இருக்கக்கூடாது. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு அவளே கூட்டிப் போகலாம். சிறையில் அவனை முறைப்படி மனுக்கொடுத்துப் பார்க்கலாம். சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று, அந்தச் சந்திப்புக்குத் தாயைவிட உரியவர் யார்? இன்னொரு வீடும் இருக்கிறது. கொலையுண்டவனுடைய வீடு, பெரும்பாலும் அதே பங்கில், இரண்டு தெரு தள்ளி. அந்த வீட்டு விதவைக்கு முன் போய் நிற்பது நியாயஸ்தலத்துக்குப் போவதைவிடக் கஷ்டம். முதல் தடவை கதவு திறக்காமலும் போகலாம். தனியே போக முடியாதவர்கள் பங்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு போகலாம்; எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவர் வருவார்.